ஆஞ்சியோகிராமில் அடைப்பு இல்லை என்றால் இதயத் தசைக்கு எப்படி ரத்தம் போதாமல் போகும்?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அம்மாவுக்கு 54 வயது. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. தாராவியில் வீட்டிலேயே முறுக்குச் சுற்றி விற்கிறார். தாதர் ஸ்டேஷன் நடைபாலத்தில் ஏறும்போது பாதிப் படியில் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கிறது. நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் விட்டுவிடுகிறது. டிரெட்மில் பரிசோதனையில் இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்று வந்தது. ஆஞ்சியோகிராம் எடுத்தவர்கள் அடைப்பே இல்லை என்று சொல்லி, வாயுக் கோளாறுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இவ்வளவும் எழுதிவிட்டு, "இதயம் முழுக்க ரத்தம்தானே, குழாயும் சுத்தமாக இருக்கிறதே, பிறகு எப்படிப் போதாமல் போகும்? அம்மா காப்பி குடிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: இதயத் தசைக்கு இந்த நொடியில் எவ்வளவு ரத்தம் என்பதை உடம்பில் எது முடிவு செய்கிறது? அது விளங்கிவிட்டால் அம்மாவின் வலியும் பாதி விளங்கிவிடும். மும்பையில் இருபத்து மூன்று ஆண்டுகளாக இதய மருத்துவம் பார்க்கிறேன். மாட்டுங்காவில் சின்ன கிளினிக்; வருகிறவர்களில் பாதிப் பேர் தாராவி, ஆன்டாப் ஹில், செம்பூர்த் தமிழர்கள். அம்மாவை நான் பார்க்கவில்லை, அவருடைய அறிக்கைகளையும் பார்க்கவில்லை. ஆகவே அவருக்கு இன்ன நோய் என்று இங்கே சொல்ல மாட்டேன். ஆனால் "அடைப்பு இல்லை" என்ற இரண்டு சொற்களோடு இந்த விஷயத்தை மூடிவிடக் கூடாது என்பதை உறுதியாகச் சொல்வேன்.

இதயத்துக்குள் ரத்தம் நிரம்பித்தான் இருக்கிறது. ஆனால் இதயத் தசைக்கு அது உணவில்லை. வங்கிக் காசாளர் கையில் நாள் முழுக்க லட்சக்கணக்கில் பணம் புரளும். அவர் வீட்டுக்கு அரிசி வாங்குவது சம்பளத்தில்தான். இடது கீழறையின் சுவர் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தடிமன். உள்ளே இருக்கும் ரத்தம் நேராக ஊறி எட்டக்கூடியது சுவரின் உட்பக்கத்தில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை மட்டுமே. தவளையின் இதயம் வேறு மாதிரி. அதன் சுவர் பஞ்சு போல இடுக்குகள் நிறைந்தது. உள்ளே வரும் ரத்தமே அந்த இடுக்குகளில் புகுந்து தசையை ஊட்டிவிடும். நீங்கள் நினைத்தது தவளைக்குச் சரி. மனிதரின் கெட்டிச் சுவருக்குத் தனி வழி வேண்டும். அதற்காகத்தான் பெருந்தமனி இதயத்தை விட்டுக் கிளம்பியதுமே, வால்வை ஒட்டினாற்போல, இடதும் வலதுமாக இரண்டு கரோனரி தமனிகள் பிரிகின்றன. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அதில் கால் லிட்டர் அளவுக்கு, அதாவது நூற்றில் நான்கு ஐந்து பங்கு, இந்த இரண்டு தமனிகள் வழியாக இதயத்துக்கே திரும்புகிறது. 300 கிராம் எடையுள்ள ஓர் உறுப்புக்கு அது பெரிய பங்கு.

பெரிய பங்குதான், ஆனால் அதில் மிச்சம் எதுவும் இல்லை. உடம்பின் மற்ற பாகங்கள் தமக்கு வரும் ஆக்சிஜனில் சராசரியாகக் கால் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. காலுக்குத் திடீரென்று அதிக வேலை வந்தால் அந்த மீதியில் கை வைக்கலாம். இதயத் தசையோ ஓய்விலேயே எழுபது, எண்பது சதவீதத்தை உறிஞ்சிவிடுகிறது. மூன்று கம்பி பேஸ்மேக்கர் வைக்கும்போது ஒரு கம்பியைக் கரோனரி சைனஸ் என்ற சிரைக்குள் செலுத்துவோம். இதயத் தசை பயன்படுத்தி முடித்த ரத்தம் வந்து சேரும் இடம் அது. அங்கிருந்து ஊசிக் குழலில் கொஞ்சம் இழுத்தால், நாவல்பழச் சாறு போலக் கறுத்த ரத்தம் வரும். கையிலிருந்து எடுத்த சிரை ரத்தத்தை அதன் அருகில் வைத்தால், அதுவே சிவப்பாகத் தெரியும். முதல் முறை பார்க்கும் மாணவர்கள் ஏதோ தவறு நடந்துவிட்டது என்றே நினைப்பார்கள். தவறு ஒன்றுமில்லை. வந்ததெல்லாம் அன்றன்றே செலவாகும் வீடு அது. அப்படிப்பட்ட வீட்டில் கூடுதல் செலவு வந்தால் கூடுதல் வருமானம் ஒன்றுதான் வழி. படியேறும்போது இதயத்தின் வேலை மூன்று மடங்கானால் ரத்த ஓட்டமும் ஏறக்குறைய மூன்று மடங்காக வேண்டும், அதுவும் சில நொடிகளுக்குள். ஆரோக்கியமான இதயத்தில் அது நான்கு ஐந்து மடங்கு வரை கூடும்.

கூடுவது எப்படி? படியேறும்போது ரத்த அழுத்தம் கொஞ்சம் உயர்கிறதே தவிர மூன்று மடங்கு உயர்வதில்லை. ஆகவே மாற வேண்டியது வழியில் உள்ள தடை. இதைத் தண்ணீரை வைத்துச் சொன்னால் மும்பையில் இருப்பவர்களுக்கு உடனே பிடிபடும். தான்சா, வைதரணா ஏரிகளிலிருந்து மிகப் பெரிய குழாய்களில் தண்ணீர் நகரத்துக்கு வருகிறது. அந்தக் குழாய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உங்கள் சந்துக்கு எவ்வளவு வரும் என்பது தெருவில் வால்வைத் திருகும் சாவிவாலாவின் கையில்தான் இருக்கிறது. இதயத்திலும் அப்படித்தான். ஆஞ்சியோகிராமில் தெரியும் கரோனரி தமனிகள் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலமுள்ள பெரிய குழாய்கள். அவை நன்றாக இருந்தால், மொத்தத் தடையில் பத்தில் ஒரு பங்குகூட அவற்றில் இல்லை. தடை முழுக்க அரை மில்லிமீட்டருக்கும் குறுகிய சிறு தமனிகளிலும் நுண்தமனிகளிலும் இருக்கிறது. அவற்றின் சுவரில் வளையம் வளையமாகத் தசை ஓடுகிறது. அது இறுகினால் வழி குறுகும், தளர்ந்தால் விரியும். குழாயின் அகலம் சற்றே மாறினாலும் ஓட்டம் பெரிதாக மாறிவிடும். ஐந்தில் ஒரு பங்கு விரிந்தாலே அதே அழுத்தத்தில் ரத்தம் இரண்டு மடங்கு ஓடும். நகரத்துக்கும் இதயத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு, அதுதான் முக்கியம்: நகரத்தில் வால்வைத் திறப்பவர் வெளியே நிற்கிறார், இதயத்தில் தண்ணீர் வேண்டிய வீடே தன் வால்வைத் திறந்துகொள்கிறது.

வால்வுக்குப் போகுமுன் நேரக் கணக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அம்மாவின் படியேற்றத்தோடு அதற்கு நேரடித் தொடர்பு உண்டு. உங்கள் கையை இறுக்கமாக முஷ்டி பிடித்துப் பத்து எண்ணிவிட்டு விரித்துப் பாருங்கள். உள்ளங்கை முதலில் வெளுத்திருக்கும், பிறகு முன்னைவிடச் சிவக்கும். இறுகிய தசை தனக்குள் ஓடும் ரத்தக் குழாய்களையே நெரித்துவிடுகிறது. இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் இதையே செய்கிறது. உடம்பின் மற்ற உறுப்புகளுக்கு இதயம் சுருங்கும்போது ரத்தம் பாய்கிறது. இடது கீழறையின் தசைக்கு மட்டும் பெரும்பங்கு ரத்தம் அது தளரும்போதுதான் கிடைக்கிறது. இத்தாலிய மருத்துவர் ஸ்காரமூச்சி 1695ஆம் ஆண்டிலேயே இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஊகித்து எழுதினார். அளந்து பார்க்கும் கருவிகள் வர இன்னும் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயின. வலது கீழறைக்கு இந்தத் தொல்லை குறைவு, அதன் அழுத்தம் தாழ்ந்தது.

ஆக, இதயத் தசைக்கும் குழாயடி நேரம் உண்டு. நிமிடத்துக்கு 70 முறை துடிக்கும்போது ஒவ்வொரு துடிப்பிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நேரம் தளர்வு நேரம். துடிப்பு 140 ஆனால் தளர்வு நேரம் பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ ஆகிவிடுகிறது. சுருங்கும் நேரம் அவ்வளவாகக் குறைவதில்லை. வெட்டு விழுவது தளர்வில்தான். தேவை மும்மடங்காகும் அதே வேளையில் தண்ணீர் வரும் நேரமும் சுருங்குகிறது. சந்தின் கடைசி வீட்டுக்கு இது முதலில் தெரியும் இல்லையா? இதயச் சுவரில் அந்தக் கடைசி வீடு உட்புற அடுக்கு. வெளியிலிருந்து உள்ளே போகும் குழாய்களின் கோடியில் இருப்பதும் அதுதான், சுருங்கும்போது அதிகம் நெரிபடுவதும் அதுதான். ரத்தம் போதாத நிலை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. டிரெட்மில்லில் ஓடும்போது இசிஜி கோடு தாழ்வதை வைத்து நாங்கள் ஊகிப்பது அந்த உட்புற அடுக்கின் முறையீட்டைத்தான்.

இப்போது வால்வைத் திருப்புவது யார் என்பதற்கு வருகிறேன். இதில் உறுதியானதையும் இன்னும் வாதத்தில் இருப்பதையும் பிரித்துச் சொல்கிறேன். உறுதியானது: இதயத் தசை எவ்வளவு ஆக்சிஜனைச் செலவழிக்கிறதோ அந்த அளவுக்கு ரத்த ஓட்டம் அடியொற்றிப் போகிறது. தமனிக்குள் சிறு பலூனை அரை நிமிடம் ஊதி ஓட்டத்தை நிறுத்திவிட்டுத் தளர்த்தினால், ஓட்டம் பழைய நிலைக்கு மட்டும் திரும்புவதில்லை; பட்டினி கிடந்தவர் சோற்றைக் கண்டதுபோல, சில நொடிகளுக்குப் பல மடங்கு பாய்ந்துவிட்டுப் பிறகு அடங்கும். இன்னொன்றும் உறுதி: வேலை மாறாமல் ரத்த அழுத்தம் மட்டும் ஏறினாலும் இறங்கினாலும் ஓட்டம் பெரிதாக மாறுவதில்லை. அழுத்தம் ஏறும்போது சிறு தமனியின் தசை தானாகவே இறுகுகிறது, இறங்கும்போது தளர்கிறது. ரத்தக் குழாய்த் தசைக்கு இப்படி ஒரு தன்னியல்பு உண்டு என்று ஆங்கில உடலியலாளர் பேலிஸ் 1902இல் காட்டினார். சராசரி அழுத்தம் 60 முதல் 140 மில்லிமீட்டர் பாதரசம் வரை இந்த ஏற்பாடு தாக்குப்பிடிக்கும் என்று பாடநூல்கள் சொல்லும். அது பெரும்பாலும் நாய்களில் அளந்த கணக்கு. மனிதரில் எல்லை ஆளுக்கு ஆள் மாறும், நீண்டநாள் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் மேல்நோக்கி நகர்ந்துவிடும்.

வாதத்தில் இருப்பது, தசை தன் தேவையைச் சிறு தமனிக்கு எந்தத் தூதுவன் மூலம் சொல்லி அனுப்புகிறது என்பது. 1963இல் ராபர்ட் பெர்ன் என்ற அமெரிக்க உடலியலாளர் ஓர் அழகான விடை சொன்னார். உழைக்கும் தசை தன் எரிபொருளான ஏடிபியைச் செலவழிக்கிறது; ஆக்சிஜன் குறையும்போது அது சிதைந்து அடினோசின் என்ற சிறு பொருள் வெளியே கசிகிறது; அது சிறு தமனியைத் தளர்த்துகிறது; ரத்தம் கூடுகிறது; அடினோசின் கழுவிக்கொண்டு போகப்படுகிறது. தேவையும் விடையும் ஒரே வட்டத்தில். நான் மாணவனாக இருந்தபோது இதையே முடிந்த முடிவாகப் படித்தேன். ஆனால் அடினோசினின் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு ஆரோக்கியமான விலங்குகளை ஓடவிட்டபோது, இதயத்தின் ரத்த ஓட்டம் வழக்கம்போலவே கூடியது. நம் காப்பியில் உள்ள காஃபீனும் அடினோசினைத் தடுக்கும் பொருள்தான். அடினோசின் மட்டுமே சாவிவாலா என்றால் காலையில் இரண்டு டம்ளர் ஃபில்டர் காப்பி குடித்துவிட்டு மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு நடக்கும் ஒவ்வொருவருக்கும் நெஞ்சு வலிக்க வேண்டும். வலிப்பதில்லை.

அதன் பிறகு பல பேர்கள் வந்தன: கார்பன் டை ஆக்சைடு, அமிலத் தன்மை, பொட்டாசியம், ஹைட்ரஜன் பெராக்சைடு, குழாய்த் தசையில் ஏடிபி குறைந்தால் திறக்கும் பொட்டாசிய வாயில்கள், சிவப்பணுக்களே வெளியிடும் ஏடிபி. அடினோசின், நைட்ரிக் ஆக்சைடு, அந்தப் பொட்டாசிய வாயில்கள் ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் தடுத்துப் பார்த்தபோதும் நாய்களில் உழைப்புக்கு ஏற்ற ஓட்டம் கூடத்தான் செய்தது. பன்றிகளில் சற்று வேறு மாதிரி வந்தது. என் கருத்து, தனியொரு தூதுவனைத் தேடுவதே சரியில்லை என்பது. ஒன்று தவறினால் இன்னொன்று கைகொடுக்கும் பல வழிகள் இருக்கின்றன. உயிர் தங்கியிருக்கும் உறுப்பை உடம்பு ஒரே சாவியை நம்பி விட்டுவைக்கவில்லை. ஆனால் ஆக்சிஜன் தட்டுப்பாடு உண்டாகும்போது, அதாவது ஓட்டம் ஏற்கெனவே போதாமல் இருக்கும்போது, அடினோசினுக்கு உண்மையான பங்கு உண்டு என்பதில் பெரும்பாலோர் உடன்படுகிறார்கள்.

நரம்புகளின் பங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பயமோ உழைப்போ வரும்போது கிளம்பும் அட்ரினலின் வகை நரம்புகள், ஒரு கையால் தமனியைச் சற்று இறுக்கும், மறு கையால் சிறு தமனிகளைத் தளர்த்தும்; இதயத்தை வேகப்படுத்தித் தேவையையும் கூட்டும். நல்ல இதயத்தில் தளர்வே வெல்லும். உட்சுவர் கெட்டுப்போன குழாய்களில் இறுக்கம் வெல்லக்கூடும்.

உட்சுவர் என்று சொன்னேன். அம்மாவின் கதைக்கு இதுதான் நெருக்கம், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். எல்லா ரத்தக் குழாய்களுக்கும் உள்ளே ஒரே ஒரு செல் தடிமனில் ஓர் உட்படலம் உண்டு, எண்டோதீலியம் என்பார்கள். வெறும் பூச்சு என்றுதான் வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். ராபர்ட் ஃபர்ச்காட் என்ற அமெரிக்கர் முயலின் பெருந்தமனித் துண்டுகளில் அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சொட்டிப் பார்த்தபோது, சில துண்டுகள் தளர்ந்தன, சில இறுகின. காரணம் தேடியபோது, இறுகிய துண்டுகளை வெட்டிப் பதப்படுத்தும்போது உட்படலம் உரசித் தேய்ந்துபோயிருந்தது தெரியவந்தது. படலம் இருந்தால் தளர்வு, போய்விட்டால் அதே பொருளுக்கு இறுக்கம். 1980இல் இதை வெளியிட்டார். படலம் வெளியிடும் அந்தத் தளர்த்தும் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்று பின்னர் தெரிந்தது. 1998இல் அவருக்கும் இக்னாரோ, முராட் ஆகிய இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ரத்தம் வேகமாக ஓடி உரசும்போது படலம் நைட்ரிக் ஆக்சைடை விட்டுக் குழாயை இன்னும் விரித்துக் கொடுக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை, கொழுப்பு எல்லாம் முதலில் கை வைப்பது இந்தப் படலத்தில்தான். அடைப்பு உருவாவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே படலம் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. அதோடு, நீண்டநாள் ரத்த அழுத்தத்தில் இதயச் சுவர் தடிக்கிறது, சிறு தமனிகளின் சுவரும் தடித்து வழி குறுகுகிறது, கூடிய தசைக்கு ஈடாக நுண்குழாய்கள் கூடுவதில்லை.

இனி ஆஞ்சியோகிராம் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாது என்பது எளிதாகப் புரியும். கரோனரி தமனிக்குள் நேராகச் சாயம் செலுத்திப் படமெடுக்கும் முறை 1958இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் என்ற இதய மருத்துவரின் கையில் ஏறக்குறைய தற்செயலாகத் தொடங்கியது. இன்று வரை லட்சக்கணக்கானவர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது காட்டுவது பெரிய குழாய்களின் உள்வெளி. அரை மில்லிமீட்டருக்கும் குறுகியவை படத்தில் தனித்துத் தெரிவதில்லை. மொத்தத் தடையும் இருக்கும் இடம் படத்தில் இல்லை என்று பொருள். அதுவும் ஓய்வில் எடுத்த படம். 1974இல் லான்ஸ் கூல்ட் என்ற அமெரிக்க இதய மருத்துவர் நாய்களில் தமனியைச் சிறிது சிறிதாக நெருக்கிக்கொண்டே அளந்தார். விட்டம் 85 சதவீதம் குறுகும் வரை ஓய்வு நேர ஓட்டம் அசையவே இல்லை; கீழே இருந்த சிறு தமனிகள் விரிந்து விரிந்து ஈடுகட்டின. ஆனால் அதிகபட்ச ஓட்டம் பாதியளவு குறுகியதுமே சரியத் தொடங்கியது. ஓய்வில் எல்லாம் சரியாகத் தெரிவதும் உழைப்பில் தட்டுப்படுவதும் முரண்பாடு இல்லை. கையிருப்பு, அதாவது தேவைப்படும்போது ஓட்டத்தைக் கூட்டும் திறன், தீர்ந்துபோனதற்கு அதுவே அடையாளம். கையிருப்பு பெரிய குழாய் குறுகுவதாலும் தீரலாம், சிறு தமனி விரிய மறுப்பதாலும் தீரலாம். இரண்டாவது வகையை நுண்குழாய் நெஞ்சுவலி என்கிறோம். 1973இல் இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு எக்ஸ் நோய்க்குறி என்று ஒரு பெயர் வந்தது. காரணம் தெரியாததால் எக்ஸ். மாதவிடாய் நின்ற வயதுப் பெண்களிடம் இதை அதிகம் காண்கிறோம்.

என் தொடக்க ஆண்டுகளில் ஆன்டாப் ஹில்லிலிருந்து ஓர் அம்மாள் வருவார். இட்லி மாவு விற்றுப் பிழைத்தவர். தண்ணீர்க் குடத்தோடு இரண்டு மாடி ஏறினால் நெஞ்சு அடைக்கும். ஆஞ்சியோகிராம் சுத்தமாக இருந்தது. "ஒன்றுமில்லை அம்மா, வாயுதான்" என்று நான்தான் சொன்னேன். மூன்று ஆண்டுகள் வயிற்று மாத்திரை தின்றுகொண்டு, வீட்டில் பொய் சொல்கிறார் என்று பேச்சும் வாங்கிக்கொண்டு, அதே வலியோடு இருந்தார். பிறகு ஒரு மூத்த மருத்துவர் கையிருப்பை அளந்து பார்க்கச் சொன்னார். சாதாரணமாக நான்கு மடங்கு கூட வேண்டிய ஓட்டம் அவருக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடவில்லை. அந்த எண்ணை அவர் மகனிடம் காட்டியபோது அந்த அம்மாள் அழுதார். ஒன்றுமில்லை என்ற சொல்லை அதன் பிறகு நான் கவனமாகத்தான் வாயில் எடுக்கிறேன்.

அந்த அளவை எப்படி எடுக்கிறோம் என்றால், முடியைப் போன்ற மெல்லிய கம்பி ஒன்றை, நுனியில் அழுத்தமும் வெப்பமும் அளக்கும் உணரியோடு, கரோனரி தமனிக்குள் விடுகிறோம். பிறகு சிரையில் அடினோசின் ஏற்றுகிறோம். சிறு தமனிகள் தம்மால் முடிந்த மட்டும் விரிகின்றன. "ஒரு நிமிடம் நெஞ்சு கனக்கும், முகம் சூடாகும், பயப்படாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். சொன்னாலும், மருந்து ஏறியதும் நோயாளி கையைப் பற்றிக்கொண்டு, யாரோ நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பார். நிறுத்தியதும் விரைவிலேயே தெளிந்துவிடும். ரத்தத்தில் அடினோசினின் ஆயுள் சில நொடிகள்தான். ஓட்டம் ஓய்வைவிட இரண்டு மடங்குகூடக் கூடவில்லை என்றால் கையிருப்பு குறைவு என்று உறுதியாகச் சொல்லலாம். இரண்டுக்கும் இரண்டரைக்கும் இடைப்பட்டது சந்தேகப் பகுதி. கம்பி விடாமலே பெட் ஸ்கேனிலோ எம்ஆர்ஐயிலோ இதை அளக்க முடியும். 2018இல் ஸ்காட்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், அடைப்பு இல்லாத நெஞ்சுவலிக்காரர்களை இப்படிச் சோதித்து, கண்ட காரணத்துக்கு ஏற்ப மருந்து கொடுத்தபோது, சோதனை முடிவைப் பார்க்காமல் மருந்து பெற்றவர்களைவிட வலி குறைந்தது. சிறிய ஆய்வுதான், மாரடைப்பையும் மரணத்தையும் குறைக்கிறதா என்பதற்கு அது விடை சொல்லாது.

அம்மாவுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை என்பதை மறுபடியும் சொல்கிறேன். பெண்களுக்கு டிரெட்மில் பரிசோதனை தவறாகக் குறை காட்டுவதும் உண்டு. பெரிய தமனியே திடீரென்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும் வகையும் உண்டு. அது பெரும்பாலும் விடியற்காலையில், ஓய்வில் வரும், படியேறும்போது மட்டும் வருவது அதன் வழக்கமில்லை. பெருந்தமனி வால்வு குறுகியிருந்தாலும் இதே வலி வரும், எக்கோ அதைக் காட்டிவிடும். முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். ரத்தம் போதிய அளவு ஓடினாலும் அதில் ஆக்சிஜன் சுமப்பது குறைந்தால், அன்றாடச் செலவில் மிச்சமே இல்லாத இதயம் முதலில் முணுமுணுக்கும். இந்த வயதுப் பெண்களில் ரத்தசோகையை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். தைராய்டும் பாருங்கள். நாக்கின் கீழ் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை முக்கியமாகப் பெரிய தமனிகளையும் சிரைகளையும் தளர்த்துகிறது, மிகச் சிறிய தமனிகளை அவ்வளவாக அல்ல. ஆகவே அதற்குக் கேட்கவில்லை என்பதால் வலி இதயத்தினுடையது இல்லை என்றாகாது. உணவுக் குழாயின் இழுப்பையும் அது தளர்த்தும். ஆகவே கேட்டுவிட்டது என்பதால் இதயம்தான் என்றும் ஆகாது.

இதய மருத்துவரிடம் மறுபடி போகும்போது "அடைப்பு இல்லை என்பது தெரிந்துவிட்டது, ரத்த ஓட்டத்தின் கையிருப்பை அளக்க முடியுமா?" என்று இந்தச் சொற்களிலேயே கேளுங்கள். எல்லா இடத்திலும் அந்த வசதி இருக்காது. இல்லையென்றால் மருத்துவர் மருந்து கொடுத்துப் பார்த்தும் முடிவு செய்யலாம். துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மருந்தைப் பலருக்கு முதலில் கொடுப்பது ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்: தேவையும் குறைகிறது, தளர்வு நேரமும் நீள்கிறது. ஆஸ்துமா இருந்தால் அதை முன்பே சொல்லிவிடுங்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் வர வேண்டும். மருத்துவர் அனுமதித்த அளவில் தினமும் நடப்பது உட்படலத்துக்கு நல்லது. தாதர் பாலத்தில் கூட்டம் தள்ளினாலும், வலி தொடங்கும் முன்பே நடுமேடையில் ஓரமாக ஒதுங்கி ஒரு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். நின்றும் ஐந்து நிமிடத்தில் விடாத வலி, ஓய்வில் வரும் வலி, வியர்வையோடோ மயக்கத்தோடோ வரும் வலி எதுவானாலும் பழைய ஆஞ்சியோகிராமை நம்பி வீட்டில் இருக்க வேண்டாம்; 108ஐ அழையுங்கள்.

காப்பி குடிக்கலாம். காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என்றால் இதயத்துக்குக் கெடுதல் இல்லை. சர்க்கரை போடாமல் குடிக்கட்டும். ஆனால் அடினோசின் கொடுத்து அளக்கும் நாள் குறித்துவிட்டால், அதற்கு முந்தைய இருபத்து நான்கு மணி நேரம் காப்பியும் வேண்டாம், டீயும் வேண்டாம், காஃபீன் கலந்த தலைவலி மாத்திரையும் வேண்டாம். காஃபீன் அடினோசினை வாசலிலேயே நிறுத்திவிடும்; சிறு தமனிகள் முழுதாக விரியாது; அளவு தவறாக வந்துவிடும். அதற்குள் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், தேதியை மாற்றிக்கொள்ளலாம்.